சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரம் 15,344 கி.மீ.யா, 16,500 கி.மீ.யா?

தெம்பனிஸ்காரர்

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகத் திட்டம். சிங்கப்பூரிலிருந்து நேரடியாகப் போவதா, நடுவில் இறங்கி ஏறுவதா என்று பார்க்கத் தொடங்கினேன். தூரக் கணக்கே குழப்பிவிட்டது.

தூரம் சொல்லும் இணையத் தளங்கள் எல்லாம், இங்குள்ள சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நெவார்க் விமான நிலையத்துக்கு 15,344 கி.மீ. என்கின்றன. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து, 17 மணி நேரம் என்று விடை தருகின்றன. டிக்கெட்டிலோ 18 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. அந்த விமானத்தில் போய்வந்த அலுவலக நண்பர், இருக்கைத் திரையில் 16,500 கி.மீ. வரை ஓடியது என்கிறார். ஆயிரம் கி.மீ.க்கு மேல் வித்தியாசம் எப்படி வரும்? ஏன் அப்படிச் சுற்றிப் போகிறார்கள்? அப்பாவுக்கு எழுபதை நெருங்குகிறது. அவருக்கு எந்த வழி சிரமம் குறைவு என்பதுதான் எனக்கு முக்கியம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழித்தடம்

நீங்கள் சொல்லும் இரண்டு எண்ணும் சரிதான். விமானப் பயணத் திட்டம் போடும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தளங்கள் சொல்லும் 15,344 என்பது பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். பெருவட்டப் பாதை என்பார்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊரையும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிட்டத்தட்ட 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நெவார்க் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178 பாகை. அதாவது ஒன்றுக்கொன்று உலகின் நேர் எதிர்ப்பக்கம். அதனால் நூல் பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. நேரே வடக்கே ஏறி, சீனாவின் செங்டு, மங்கோலியா, சைபீரியாவின் இர்குட்ஸ்க் பக்கமாகப் போய், வட துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் கடந்து, கனடா வழியாக இறங்கும்.

இது கணிதம் சொல்லும் தூரம். இதே வழியில் விமானம் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் நண்பர் திரையில் பார்த்தது விமானம் உண்மையில் பறந்த தூரம். அவர் அநேகமாக ஜப்பான் பக்கமாக, வட பசிபிக்கைத் தாண்டி, அலாஸ்கா, கனடா வழியாகப் போயிருப்பார்.

ஊர்சுற்றி

அதுதான் புரியவில்லை அண்ணா. குறுக்கு வழி இருக்கும்போது ஏன் சுற்று வழி? துருவத்தின் மேல் பறப்பது ஆபத்து என்பதாலா?

வழித்தடம்

ஆபத்து என்று சொல்ல முடியாது. துருவத்தின் மேல் தினமும் விமானங்கள் பறக்கின்றன. கவனிக்க வேண்டியவை உண்டு: எரிபொருளின் வெப்பநிலை (வழக்கமான ஜெட் ஏ-1 எரிபொருள் உறையத் தொடங்கும் எல்லை மைனஸ் 47 டிகிரி), அவசரத்தில் இறங்க எந்த விமான நிலையம், தொலைத்தொடர்பு, எந்த நாட்டு வான்வெளிக்கு அனுமதி. இதற்கெல்லாம் விதிமுறை இருக்கிறது.

முக்கியக் காரணம் காற்று.

நீங்கள் டிக்கெட் வாங்குவது தரைத் தூரத்துக்கு. விமானம் பறப்பது காற்றுக்குள். பூமியின் நடு அட்சரேகைகளில், ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலும் அதற்குக் கிழக்கேயும் இது மிகப் பலமாக இருக்கும், மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. சாங்கியில் நகரும் நடைபாதையில் ஏறி நடந்தால் அதே நடைக்குச் சீக்கிரம் போய்ச் சேருகிறோம் இல்லையா, அதே கணக்கு.

ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பார்க்கலாம். காற்றுக்குள் விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவ வழியில் 15,350 கி.மீ., வழியெல்லாம் சராசரியாக 30 கி.மீ. எதிர்காற்று. தரை வேகம் 870. 17 மணி 39 நிமிடம் ஆகும். பசிபிக் வழியில் 16,500 கி.மீ., சராசரியாக 70 கி.மீ. பின்காற்று. தரை வேகம் 970. 17 மணி 1 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயிரம் கி.மீ.க்கு மேல் அதிகமாகப் பறந்தும் அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். எரிபொருளும் மிச்சம்.

இந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். உலகம் முழுவதற்கும் உயர வானத்துக் காற்றின் முன்கணிப்பு தருவதற்கு லண்டனிலும் வாஷிங்டனிலும் இரண்டு மையங்கள் இருக்கின்றன. அவற்றின் கணிப்பை வைத்துப் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு அன்றைய வழியைப் போடுவார்கள். இன்றைக்குத் தைவான் பக்கம் போன விமானம் நாளைக்கு வேறு கோட்டில் போகலாம். அதனால்தான் "இந்த இரண்டு ஊருக்கும் பறக்கும் நேரம் எவ்வளவு" என்று கேட்டால் எங்கள் பிரிவில் யாரும் ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல மாட்டோம். எந்தத் திசை, எந்த மாதம் என்று திருப்பிக் கேட்போம்.

டிக்கெட்டில் உள்ள நேரம் வேறு விஷயம். அது இங்கே வாசலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து அங்கே வாசலில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடம் தேடுவது எல்லாம் அதில் அடக்கம். கால அட்டவணையில் சாதகமான நாளும் பாதகமான நாளும் அடங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள்.

உண்மையான ஒரு நாளைச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை இப்போதைய விமானத்தில் தொடங்கியது 2018 அக்டோபர் 11. பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்று அறிவித்திருந்தார்கள். முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் நெவார்க்கில் இறங்கியது. பறந்த தூரம் சுமார் 16,500 கி.மீ.

தெம்பனிஸ்காரர்

மிகவும் நன்றி. முதல் தடவையாகப் புரிகிறது. அப்படியானால் திரும்பி வரும்போது எதிர்காற்றில் வர வேண்டுமே, நேரம் ரொம்பக் கூடுமா?

வழித்தடம்

இந்த வழித்தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். இரண்டு ஊரும் உலகின் நேர் எதிர்ப்பக்கங்களில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் பல நாள்களில் வந்த வழியே பசிபிக் மேல் திரும்பாது. அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா மேலாக, இந்தியா பக்கமாக சிங்கப்பூர் வரும். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு முறையும் காற்று முதுகுக்குப் பின்னால். அப்பா அம்மா போய் வந்தால் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள்.

அதனால் வரும் நேரமும் போகும் நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 2018 கால அட்டவணையில் வருவதற்குப் போவதைவிட 20 நிமிடம்தான் அதிகம் வைத்திருந்தார்கள்.

மயிலாப்பூர்க்காரி

இங்கே சென்னையைப் பற்றியும் கேட்கலாமா? சென்னை – நியூயார்க் தூரம் 13,500 கி.மீ.க்கும் குறைவு என்று காட்டுகிறது. சிங்கப்பூரைவிட ஏறத்தாழ 1,900 கி.மீ. பக்கம். ஆனால் என் மகன் வரும்போதெல்லாம் 21, 22 மணி நேரம் ஆகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் 18 மணி நேரத்தில் போகிறார்கள் என்று படித்ததும் ஆச்சரியமாக இருந்தது.

வழித்தடம்

ஆமாம் அம்மா, பக்கத்தில் இருக்கும் ஊருக்குத்தான் அதிக நேரம் ஆகிறது. நேரடி விமானம் இல்லாததுதான் காரணம். துபாய் வழியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை – துபாய் நாலு மணி நேரத்துக்கு மேல், துபாய் – நியூயார்க் 14 மணி நேரத்தை ஒட்டி, நடுவில் மாறுவதற்கு மூன்று மணி நேரம். வழி ஒன்றும் பெரிதாக வளையவில்லை, நேர்க்கோட்டைவிடச் சில நூறு கி.மீ.தான் கூடுதல். நேரத்தைத் தின்பது காத்திருப்பும், இரண்டாவது தடவை ஏறி இறங்குவதும்.

வான்வெளி மூடப்படுவதும் இன்னொரு காரணம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று. சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப ஐரோப்பாவில் இறங்கிப் போயின. இதைவிடப் பெரிய பாதிப்பு 2022-இல் ரஷ்யா மூடியபோது. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி இருந்தது, அந்நாட்டு ஃபின்னேர் நிறுவன விமானங்களுக்கு 13 மணி நேரமாகிவிட்டது. அவர்கள் வட துருவத்தின் மேலாகவே பறக்கத் தொடங்கினார்கள். துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

காலிக்கரை

சான்றிதழ் என்றதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கலைக் களப்பு (கடலோர ஏரி) இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1943 முதல் 1945 வரை, அந்தக் களப்புக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே கடல் விமானங்கள் பறந்தன. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து பழைய வழி அடைபட்டபின், இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கட்டலினா என்ற விமானம். 5,600 கிலோமீற்றருக்கும் மேல். 27 மணித்தியாலத்தில் இருந்து 33 மணித்தியாலம் வரை எடுக்கும், காற்றைப் பொறுத்து. எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலியையும் பேசவிடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள்.

பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள். அதற்காக "இரட்டைச் சூரிய உதயச் சங்கம்" என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த விமானங்களை ஓட்டிய ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் தன் சிட்னி – லண்டன் நேரடிச் சேவைத் திட்டத்துக்குச் "சன்ரைஸ்" (சூரிய உதயம்) என்று பெயர் வைத்திருப்பது இந்த நினைவில்தான். 17,000 கிலோமீற்றர், 20 மணித்தியாலத்துக்கு மேல். அதற்கென்று ஏ350-1000 விமானத்தில் 20,000 லீற்றர் கொள்ளும் எரிபொருள் தாங்கி ஒன்றை மேலதிகமாகப் பொருத்துகிறார்கள். கொக்கலையில் இந்தக் கதை தெரிந்தவர்கள் இப்போது குறைவு, அது எனக்கு மனவருத்தம்.

வழித்தடம்

அருமையான செய்தி, காலிக்கரை. 27 மணி, 33 மணி என்ற அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். அதே விமானம், அதே தூரம், ஆறு மணி நேர இடைவெளி. மெதுவான விமானத்துக்குக் காற்றின் பாதிப்பு இன்னும் அதிகம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு 30 கி.மீ. எதிர்காற்று பெரிய விஷயம்.

ஊர்சுற்றி

எல்லாம் சரி, ஆனால் தெம்பனிஸ்காரர் கேட்டது பெற்றோருக்கு எது நல்லது என்று. என் கருத்து, நடுவில் இறங்குவதுதான் நல்லது. 18 மணி நேரம் ஒரே இருக்கையில் யார் உட்காருவது? சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் – நியூயார்க் விமானம் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிக் காலை நீட்டலாம். இன்னொன்று, நேரடி விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ், பிரீமியம் எகானமி இரண்டுதான். மூன்று பேருக்குக் கட்டணம் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

வழித்தடம்

எகானமி இல்லை என்பது உண்மை. அதற்கும் தூரம்தான் காரணம். ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூர வகை) என்ற அந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். சாதாரண ஏ350-900 வகையில் 1,41,000 லிட்டர். 1,65,000 லிட்டர் என்றால் எடை ஏறத்தாழ 132 டன். விமானம் கிளம்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன். கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்! கடைசி மூன்று மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினைந்து மணி நேரமும் சுமக்க வேண்டும், சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். அதனால் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து 161 இருக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள், பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94.

2004-இல் இதே ஊர்களுக்கு ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவை தொடங்கினார்கள். நான்கு எஞ்சின். பிறகு முழுவதும் பிசினஸ் வகுப்பாக்கி 100 இருக்கையோடு ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் செலவு தாங்காமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினோடு ஏ350 வந்த பிறகுதான் மறுபடி முடிந்தது.

ஃபிராங்ஃபர்ட் வழியைப் பற்றி. சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., ஃபிராங்ஃபர்ட் – நியூயார்க் சுமார் 6,200. கூட்டினால் 16,500. அதாவது பசிபிக் மேல் நேரடியாகப் பறக்கும் அதே தூரம். ஆனால் நேரம் சுமார் 24 மணி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் எங்கே போகிறது? இரண்டு மணி நேரம் ஃபிராங்ஃபர்ட்டில். மீதியில் பெரும்பங்கு காற்றில். அந்த வழியில் முழுக்க முழுக்க மேற்கே போகிறீர்கள், எதிர்காற்றில். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: போகும்போது கிழக்கு வழி, வரும்போதும் முடிந்தால் கிழக்கு வழி. நேரடி டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்றால் டோக்கியோவில் மாறிப் போகலாம். சிங்கப்பூர் – டோக்கியோ 5,350, டோக்கியோ – நியூயார்க் 10,850, மொத்தம் 16,200 கி.மீ. முதல் துண்டு ஏழு மணி நேரம், இரண்டாவது பதின்மூன்று மணி நேரத்துக்குள், காற்றும் கூடவே வரும்.

இரவுப்பறவை

செவிலியராக வேலை செய்கிறேன், இந்த நேரடி விமானத்திலும் போயிருக்கிறேன். உடம்பு சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன்.

நேரடியோ மாறிப் போவதோ, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் எழுபதை நெருங்குகிறவர், சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் கட்டாயம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இறுக்கும் காலுறை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அப்பாவுக்கு நடைவழி ஓர இருக்கை எடுங்கள். ஜன்னல் ஓரத்தில் உட்காரும் பெரியவர்கள் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள்.

மருந்து நேரம் இன்னொரு சிக்கல். டிசம்பரில் நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்னால். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் விடிகாலை ஐந்து மணி சுமாருக்கு இறங்குவீர்கள், கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து ஆறு மணி நேரம்தான் போனதுபோல் தெரியும். கிழக்கே போவதால் இருட்டில் கிளம்பி, பசிபிக் மேல் ஒரு குட்டிப் பகலைப் பார்த்து, மறுபடி இருட்டில் இறங்குவீர்கள். "காலை மாத்திரை", "இரவு மாத்திரை" என்று சொன்னால் பெரியவர்கள் குழம்பிவிடுவார்கள். கடைசியாகப் போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை வைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அந்தத் தாளை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

ஊர்சுற்றி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். நடுவில் இறங்கினால் ஓய்வு என்று இளைஞர்களுக்குத் தோன்றும். பெரியவர்களுக்கு அது தூக்கம் கலைவது, பை தூக்குவது, மறுபடி பாதுகாப்புச் சோதனை, தெரியாத இடத்தில் நீண்ட நடை. முட்டி வலி இருப்பவரென்றால் நேரடி விமானத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை பின்பக்கம் வரை நடந்து வருவதே மேல். சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஊர்சுற்றி

அக்கா, முட்டி வலி பற்றி நான் யோசிக்கவில்லை. பணம் ஒரு தடையில்லை என்றால் நேரடியே எடுங்கள், தெம்பனிஸ்காரரே.

தெம்பனிஸ்காரர்

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைதான், இன்சுலின் இல்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது மருந்து நேரம் கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன். நேரடி விமானம் என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: நியூயார்க் நகரத்தின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் நேரடி இருக்கிறது, நெவார்க்குக்கும் இருக்கிறது. தூரம் இரண்டுக்கும் ஐந்து கி.மீ.தான் வித்தியாசம். தங்கை வீடு எடிசனில்.

வழித்தடம்

எடிசன் என்றால் யோசிக்கவே வேண்டாம், நெவார்க். அங்கிருந்து வீடு 30 கி.மீ. சுமார்தான். ஜே.எஃப்.கே.யில் இறங்கினால் நியூயார்க் நகரத்தைக் குறுக்கே கடந்து இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காரில் போக வேண்டும், காலை நெரிசலில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டலாம். வானத்தில் பின்காற்று மிச்சம் பிடித்துக் கொடுத்ததெல்லாம் சாலையில் போய்விடும். கிளம்பும் அன்று மாலை விமான எண்ணைத் தேடினால் போட்டிருக்கும் வழி தெரியும். எந்தப் பக்கமாகப் போனீர்கள் என்று வந்து எழுதுங்கள்.